காருக்குப் பின்னால் ஒரு வீடு!

மலைச்சரிவில் ஒரு கார் இறங்கிக்கொண்டிருக்கிறது.

காரை ஓட்டுகிறவர் அப்பா. பக்கத்தில் அம்மா. பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள். காருக்குப் பின்னால், இரண்டு மூன்று முழ தூரத்தில், அவர்களுடைய வீடும் இறங்கி வருகிறது!

ஆம், வீடுதான். உள்ளே கட்டில் இருக்கிறது. மெத்தை இருக்கிறது. அடுப்பு, குளிர்ப் பெட்டி, குளிக்கும் அறை எல்லாம் இருக்கின்றன. ஜன்னலுக்குத் திரைகூடத் தொங்குகிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டுக்கு என்ஜின் கிடையாது. கார் இழுத்தால் அது வரும்.

கார் நின்றால்?

அதுதான் கேள்வி!

அமெரிக்காவில் இந்த வீட்டுக்கு "டிராவல் டிரெய்லர்" என்று பெயர். இங்கிலாந்தில் "கேரவன்" என்கிறார்கள். நாம் சக்கர வீடு என்று சொல்லலாம். அங்கே கோடை விடுமுறை வந்துவிட்டால், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் காருக்குப் பின்னால் சக்கர வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. ஏரிக்கரையில் இரண்டு நாள், மலையடிவாரத்தில் மூன்று நாள் என்று தங்குகிறார்கள். ஓட்டல் செலவு இல்லை. சொந்தச் சமையல், சொந்தப் படுக்கை.

கேட்க இன்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள்.

25 அடி நீளமுள்ள சக்கர வீடு, சாமான்களை ஏற்றிய பிறகு சுமார் 6,000 பவுண்டு எடை இருக்கும். அதாவது 2,700 கிலோ. வளர்ந்த ஒரு பெண் யானையின் எடை ஏறக்குறைய இவ்வளவுதான். ஒரு யானையைக் காருக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மணிக்கு 55 மைல் வேகத்தில் போவதாக நினைத்துப் பாருங்கள்! திடீரென்று எதிரே ஒரு மான் குறுக்கே பாய்கிறது. ஓட்டுகிறவர் பிரேக்கை மிதிக்கிறார். கார் நிற்கப் பார்க்கிறது. பின்னால் வரும் யானைக்கு அது தெரியுமா?

தெரிய வேண்டும். தெரியவைப்பதற்கென்றே ஏற்பாடுகள் இருக்கின்றன. அந்த ஏற்பாடுகளைச் சரியாகப் பயன்படுத்துகிறவர் ஊர் போய்ச் சேருகிறார்.

குதிரை இழுத்த வீடு

உல்லாசப் பயணத்துக்கென்று சக்கர வீடு கட்டிக்கொண்டவர்களில் முன்னோடி, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர். கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறுவர்களுக்கு வீரக் கதைகள் எழுதியவர். 1885-ம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத் தொழிற்சாலை ஒன்றில் தமக்கென்று ஒரு சக்கர வீடு செய்யச் சொன்னார். அதற்கு "வாண்டரர்" என்று பெயர் வைத்தார். ஊர் சுற்றி என்று பொருள்.

அதை இழுத்தவை இரண்டு குதிரைகள். அந்த வீடு குறுகிய சாலைகளில் வளைந்து வளைந்து போகும்போது, டாக்டரின் வேலைக்காரர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போவார். எதிரே வருகிற வண்டிக்காரர்களை, "பின்னால் ஒரு வீடு வருகிறது, ஒதுங்குங்கள்" என்று எச்சரிப்பது அவர் வேலை! அந்த வீடு இங்கிலாந்தில் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

கார்கள் வந்த பிறகு குதிரை போயிற்று. 1930-களில் அமெரிக்காவில் வாலி பயம் என்பவர் அலுமினியத் தகட்டில், ஆகாய விமானத்தின் உடலைப் போலப் பளபளக்கும் சக்கர வீடுகளைச் செய்தார். "ஏர்ஸ்ட்ரீம்" என்பது அவற்றின் பெயர். 1969-ல் சந்திரனுக்குப் போய்த் திரும்பினார்களே ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ்! சந்திரனிலிருந்து ஏதாவது கிருமி வந்திருக்குமோ என்ற பயத்தில் அவர்களைத் தனியாக அடைத்து வைத்தார்கள் அல்லவா? அடைத்து வைத்த இடம், ஏர்ஸ்ட்ரீம் வீட்டைக் கொஞ்சம் மாற்றி அமைத்த ஒரு கூண்டுதான்.

குதிரை இழுத்த காலத்தில் வேகம் குறைவு. தவறு செய்தாலும் சமாளிக்கலாம். இன்று அப்படி அல்ல. வேகம் இரண்டு மடங்கானால் அதன் மோதும் சக்தி நான்கு மடங்காகிறது. பிரேக் அடக்க வேண்டியது அந்த நான்கு மடங்கு சக்தியை!

குண்டும் கிண்ணமும்

காரின் பின்புறத்தில் ஓர் இரும்புக் குண்டு இருக்கிறது. சக்கர வீட்டின் மூக்கில் ஒரு கிண்ணம் இருக்கிறது. குண்டின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து, தாழ்ப்பாளைப் போட்டால் பூட்டியாயிற்று. இவ்வளவுதான் காருக்கும் வீட்டுக்கும் உள்ள உறவு!

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. அமெரிக்காவில் குண்டுகள் மூன்று அளவுகளில் வருகின்றன. ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுப் பெரியது ஒன்று. இரண்டு அங்குலம் ஒன்று. இரண்டே கால் அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டியது ஒன்று. பார்வைக்கு முதல் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு அங்குலக் கிண்ணத்தைச் சிறிய குண்டின் மேல் கவிழ்த்தால், அது உட்கார்ந்துவிடும். தாழ்ப்பாளும் விழும். வீட்டு வாசலில் எல்லாம் சரியாகவே தோன்றும். சாலையில் ஒரு பெரிய பள்ளம் வரும். வண்டி துள்ளும். கிண்ணம் குண்டை விட்டுக் கிளம்பிவிடும்!

பூட்டியது சரிதானா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. சக்கர வீட்டின் மூக்கில் ஒரு ஜாக்கி இருக்கிறது. பூட்டிய பிறகு அந்த ஜாக்கியைச் சுற்றி மூக்கை உயர்த்த வேண்டும். காரின் பின்புறமும் கூடவே உயர்ந்தால் பூட்டு சரி. கார் அப்படியே இருக்க, கிண்ணம் மட்டும் மேலே எழும்பினால், புறப்படக் கூடாது. அரை நிமிஷ வேலைதான் இது.

குண்டைத் தவிர இரண்டு சங்கிலிகள் உண்டு. அவற்றை மூக்குக்கு அடியில் குறுக்காக, பெருக்கல் குறி போல மாட்டுகிறார்கள். ஏன் குறுக்காக? கிண்ணம் கழன்று விழுந்தால், மூக்கு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலிகள் தூளி போலத் தாங்கிக்கொள்ளும்.

முன்பாரமா, பின்பாரமா?

நம் ஊர் வண்டிக்காரரிடம் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இரட்டை மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும்போது அவர் ஒரு கணக்குப் போடுவார். பாரம் முழுவதும் முன்னால் இருந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பாரம் பின்னால் போய்விட்டால் நுகத்தடி மேலே தூக்கி, மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். அச்சுக்குச் சற்று முன்னால் பாரம் நிற்க வேண்டும்.

சக்கர வீட்டுக்கும் இதே கணக்குத்தான். அமெரிக்காவில் மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்குவரை மூக்கில் இறங்க வேண்டும் என்கிறார்கள். 6,000 பவுண்டு வீடு என்றால், 600 முதல் 900 பவுண்டுவரை காரின் குண்டின் மேல் உட்கார வேண்டும். இங்கிலாந்தில் வண்டிகளின் அமைப்பு வேறு. அங்கே 5 முதல் 7 பங்கு போதும் என்கிறார்கள். சிறிய கேரவன் வைத்திருக்கும் சிலர், குளியல் அறையில் தங்கள் எடையைப் பார்க்கும் தராசையே எடுத்துவந்து, அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, கட்டையின் மேல் மூக்கை இறக்கி எடை பார்த்துவிடுகிறார்கள்!

பொதுவாக வீட்டை அடுக்குவது அம்மா. மாவு மூட்டை, டப்பாக்கள், தண்ணீர்க் குடங்கள் எல்லாவற்றையும் எங்கே வைப்பது? கைக்கு எட்டிய அலமாரியில் வைக்கத்தான் தோன்றும். வைக்கக் கூடாது. கனமானவை தரையோடு தரையாக, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தலையணையும் போர்வையும் மேல் அலமாரிக்குப் போகலாம். குழந்தைகளின் சைக்கிள்களைப் பின்சுவரில் மாட்டிவிடுவது சிலருடைய வழக்கம். பின்னால் தொங்கும் 50 பவுண்டு, நடுவில் வைத்த 50 பவுண்டைவிடப் பொல்லாதது.

தண்ணீரை மறந்துவிடுவார்கள். அமெரிக்கக் கணக்கில் ஒரு காலன் தண்ணீர் 8 பவுண்டுக்கு மேல் இருக்கிறது. 40 காலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டு கூடிவிட்டது! அந்தத் தொட்டி அச்சுக்குப் பின்னால் அமைந்த வீடானால், அத்தனையும் பின்பாரம்.

வால் ஆட்டம்

பின்பாரம் ஏறினால் என்ன நடக்கும்?

வீடு வாலை ஆட்ட ஆரம்பிக்கும்.

ஒரு பெரிய லாரி பக்கத்தில் சீறிக்கொண்டு போகிறது. அதன் காற்று சக்கர வீட்டை முதலில் தள்ளுகிறது. பிறகு இழுக்கிறது. வீட்டின் பின்புறம் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் வருகிறது. முன்பாரம் சரியாக இருந்தால், இரண்டு ஆட்டத்தில் அடங்கிவிடும். பின்பாரமாக இருந்தால் அடங்காது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். வீடு ஆடும்போது காரின் பின்புறத்தையும் சேர்த்து இழுக்கும். யானையை நாய் இழுக்கப்போய், யானை நாயை இழுத்த கதைதான்!

இதைப் பொம்மைக் காரை வைத்துக்கூடக் காட்டுகிறார்கள். ஓடும் பட்டையின் மேல் ஒரு பொம்மைக் கார். அதன் பின்னால் ஒரு பொம்மை டிரெய்லர். டிரெய்லரின் முன்பக்கம் எடைகளை வைத்துவிட்டுக் காரை விரலால் தட்டினால், இரண்டும் ஒரு தடவை ஆடி நேராகின்றன. அதே எடைகளைப் பின்பக்கம் மாற்றி வைத்துத் தட்டினால், ஆட்டம் பெருகிப் பெருகிக் காரும் டிரெய்லரும் தாறுமாறாகச் சுழல்கின்றன. எடை மாறவில்லை. இடம் மட்டும்தான் மாறியது!

சரி, ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. ஓட்டுகிறவர் என்ன செய்ய வேண்டும்?

அந்த நேரத்தில் எந்த மனிதனுக்கும் இரண்டு காரியங்கள்தான் தோன்றும். ஒன்று, பிரேக்கை ஓங்கி மிதிப்பது. இரண்டு, ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிப்பது. இரண்டும் தவறு! உயிருக்கு உலை வைக்கும் தவறு!

ஓங்கி மிதித்தால் கார் சட்டென்று வேகம் குறைகிறது. கோணலாக வந்துகொண்டிருக்கும் வீடு, காரைப் பின்னாலிருந்து கோணலாகவே தள்ளுகிறது. பேனாக்கத்தி மடிவது போலக் காரும் வீடும் மடிந்துவிடும். வேகத்தைக் கூட்டி வீட்டை நேராக இழுத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் வேண்டாத வேலை. வேகம் கூடினால் ஆட்டமும் கூடும்.

செய்ய வேண்டியது இது: ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுக்க வேண்டும். கார் பிரேக்கைத் தொடக் கூடாது. அமெரிக்க வண்டிகளில், ஓட்டுகிறவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. அதில் ஒரு சின்ன விசை இருக்கிறது. அதைக் கையால் நகர்த்தினால், வீட்டின் பிரேக் மட்டும் பிடிக்கும். கார் பிரேக் பிடிக்காது!

அதில் என்ன லாபம்? ஒரு கயிற்றைத் தரையில் வளைத்துப் போடுங்கள். ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, மறு நுனியைப் பின்னால் இழுங்கள். கயிறு நேராகிறதல்லவா? கார் முன்னே போக, வீடு மட்டும் தயங்கினால், இரண்டும் ஒரே கோட்டுக்கு வந்துவிடுகின்றன.

விடுமுறைக்குப் புறப்படுகிற எத்தனையோ பேருக்கு அந்தப் பெட்டி எதற்கு இருக்கிறது என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் அந்த விசை எங்கே இருக்கிறது என்று கேட்டால், பலருக்குத் தெரியாது! ஆட்டம் கண்ட பிறகு தேடிக்கொண்டிருக்க நேரம் ஏது? புறப்படுமுன்பே, கார் நிற்கும்போது, பார்க்காமல் கையை அதன் மேல் வைத்துப் பத்துத் தடவை பழக வேண்டும்.

பிரேக் எப்படிப் பிடிக்கிறது?

அமெரிக்கச் சக்கர வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்சார பிரேக். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு டிரம் இருக்கிறது. டிரமுக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. ஓட்டுகிறவர் கார் பிரேக்கை மிதித்தவுடன், அந்தச் சிறிய பெட்டி மின்சாரத்தை அனுப்புகிறது. மின்காந்தம் உயிர் பெற்று, சுழலும் டிரமின் முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. டிரம் அதை இழுக்கிறது. அந்த இழுப்பில் ஒரு நெம்புகோல் திரும்பி, இரண்டு பிரேக் கட்டைகளையும் டிரமின் மேல் அழுத்துகிறது. வேலை முழுவதையும் மின்சாரம் செய்யவில்லை. சக்கரத்தின் ஓட்டமே தன்னை நிறுத்திக்கொள்ள உதவுகிறது!

பெட்டிகளில் இரண்டு வகை. ஒரு வகை, மிதித்த நேரத்தைக் கணக்கு வைத்து மின்சாரத்தை ஏற்றிக்கொண்டு போகும். ஓட்டுகிறவர் மெதுவாக மிதித்தாரா, ஓங்கி மிதித்தாரா என்பது அதற்குத் தெரியாது. இன்னொரு வகை, கார் எவ்வளவு வேகமாக வேகம் குறைகிறது என்பதை உணர்ந்து, அதற்கு ஏற்ற அளவு அனுப்பும். இரண்டாவது வகை விலை கூடுதல். குடும்பத்தோடு மலைப்பாதையில் போகிறவர்கள் அந்தக் காசைப் பார்க்க வேண்டியதில்லை.

எந்த வகையானாலும், எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று முன்கூட்டியே அளவு வைக்க வேண்டும். இதைத்தான் பலர் செய்வதில்லை. கடைக்காரர் வைத்த அளவிலேயே வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். கடைக்காரர் அளவு வைத்தபோது வீடு காலியாக இருந்தது. இப்போது தண்ணீர், சாமான், துணிமணி எல்லாம் ஏறியிருக்கின்றன!

அளவு வைப்பது பெரிய வித்தை அல்ல. ஆளில்லாத, சமமான, ஈரமில்லாத இடத்துக்குப் போக வேண்டும். மணிக்கு 20, 25 மைல் வேகத்தில் நேராக ஓட்ட வேண்டும். கார் பிரேக்கை மிதிக்காமல், பெட்டியின் விசையை முழுவதும் நகர்த்த வேண்டும். பின்னால் வரும் வீடு, காரைக் கெட்டியாகப் பிடித்து இழுப்பது போல இருக்க வேண்டும். இழுப்பே தெரியவில்லை என்றால் அளவு போதாது, கூட்ட வேண்டும். சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு, "கிறீச்" என்று தரையில் தேய்ந்தால் அதிகம், குறைக்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்வதற்குச் சற்று முந்திய அளவுதான் சரியான அளவு. மழை பெய்து சாலை நனைந்தால், அதையும் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

இங்கிலாந்துக் கேரவன்களில் மின்சாரம் இல்லை. கார் வேகம் குறைந்ததும், பின்னால் வரும் வீடு காரின் மேல் முட்டுகிறது. அந்த முட்டல் மூக்கில் உள்ள ஒரு தண்டை உள்ளே தள்ளுகிறது. தண்டு ஒரு கம்பியை இழுக்க, கம்பி பிரேக்கைப் பிடிக்கிறது. முட்டுகிற வேகமே பிரேக்காக மாறுகிறது! நல்ல யுக்திதான். ஆனால் வால் ஆட்டத்தின்போது வீட்டை மட்டும் பிடிக்கும் விசை அங்கே இல்லை. ஆகவே அங்கே ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லப்படுவது ஒன்றுதான். காலை எடு, ஸ்டீரிங்கோடு மல்லுக்கு நிற்காதே. அங்கே 750 கிலோவுக்கு மேல் எடையுள்ள இழுவண்டிக்குப் பிரேக் கட்டாயம்.

ஒரு விசித்திரமும் உண்டு. பிரேக்கைக் கெடுப்பது பல சமயங்களில் அக்கறைதான்! சக்கரத்துப் பேரிங்குக்கு மசகு போட வேண்டும் என்று நல்ல எண்ணத்தோடு, துப்பாக்கி போன்ற குழாயை வைத்து அழுத்து அழுத்து என்று அழுத்துகிறார்கள். அளவு மீறிய மசகு தடுப்பை மீறிக்கொண்டு டிரமுக்குள் போய்விடுகிறது. பிரேக் கட்டைகளில் மசகு பூசிவிட்டால் அவை எதைப் பிடிக்கும்? பேரிங் பிழைத்தது, பிரேக் போயிற்று!

ஒரு முள்ளும் ஒரு கம்பியும்

குண்டும் கழன்று, சங்கிலியும் அறுந்துவிட்டால்?

அதற்கும் ஓர் ஏற்பாடு. வீட்டின் மூக்கில் ஒரு விசை. அதில் ஒரு முள் செருகியிருக்கும். முள்ளிலிருந்து ஒரு மெல்லிய கம்பி காருக்குப் போகிறது. வீடு காரை விட்டுப் பிரிந்தால், கம்பி இழுபட்டு முள் பிடுங்கிக்கொள்ளும். அந்தக் கணமே வீட்டில் உள்ள பாட்டரி, எல்லாச் சக்கரங்களின் பிரேக்கையும் முழு பலத்தோடு பிடித்துவிடும். கால் மணி நேரமாவது அப்படியே பிடித்திருக்க வேண்டும் என்பது பல அமெரிக்க மாநிலங்களின் விதி.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டையும் இரண்டு விதத்தில் வீணாக்கலாம். பாட்டரியில் மின்சாரம் இல்லை என்றால், முள் பிடுங்கி என்ன பயன்? கம்பியைச் சங்கிலியிலேயே மாட்டிவைத்தால், சங்கிலி கழன்று விழும்போது கம்பியும் கூடவே விழுந்துவிடும். முள் அப்படியே இருக்கும். கம்பியைக் காரின் உடம்பில் தனியாக மாட்ட வேண்டும். ஓட்டுகிறவர் புறப்படுமுன் ஒரு தடவை முள்ளைப் பிடுங்கிவிட்டு, காரை அங்குலம் நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். வீடு வர மறுத்தால் சந்தோஷப்பட வேண்டும்! பிறகு மறக்காமல் முள்ளைத் திரும்பச் செருகிவிட வேண்டும்.

இறக்கம்

இனி நம்முடைய குடும்பத்திடம் திரும்புவோம். அவர்கள் இன்னும் மலையில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரத்துக்கு மேற்கே சுமார் 60 மைலில், மலையைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை போகிறது. ஐசன்ஹோவர் சுரங்கம் என்று பெயர். 1973-ல் திறந்தார்கள். கடல் மட்டத்துக்கு 11,158 அடி உயரம்! நம் தொட்டபெட்டாவைவிட இரண்டாயிரம் அடிக்கு மேல் அதிகம். சுரங்கத்தை விட்டு மேற்கே வெளியே வந்ததும் ஒரே இறக்கம். சில்வர்தார்ன் என்ற ஊர்வரை சுமார் 8 மைல் தூரத்தில், 2,000 அடிக்கு மேல் சாலை கீழே இறங்குகிறது.

இங்கே அப்பா என்ன செய்கிறார்? காலைப் பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டு, இலேசாக அழுத்தியபடி இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மைலில் ஒன்றும் தெரியாது. இரண்டாவது மைலில் ஏதோ தீய்ந்த வாடை வரும். "சமையல் அறையில் எதையாவது அடுப்பில் வைத்துவிட்டு வந்துவிட்டோமோ?" என்று அம்மா கேட்பார். அது சமையல் அறை வாடை அல்ல. பிரேக் வாடை! மூன்றாவது மைலில், மிதிக்கிற மிதி முன்போலப் பிடிக்காது. டிரம் சூட்டில் விரிந்து, கட்டைகளை விட்டு விலகுகிறது. கட்டையும் சூட்டில் தன் பிடிப்பை இழக்கிறது. இன்னும் ஓங்கி மிதிக்கத் தோன்றும். மிதித்தால் இன்னும் சூடேறும்.

மலைப்பாதை லாரி டிரைவர்களிடம் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. எந்த கியரில் ஏறுவாயோ, அந்த கியரில் இறங்கு. சுரங்கத்தை விட்டு வெளியே வருமுன்பே வேகத்தைக் குறைத்து, சிறிய கியருக்கு வந்துவிட வேண்டும். என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அதையும் மீறி வேகம் ஏறினால், பிரேக்கை ஒரு தடவை அழுத்தமாக மிதித்து வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, காலை முழுவதும் எடுத்துவிட வேண்டும். டிரமுக்குக் காற்றுப்பட்டு ஆறட்டும். மறுபடி வேகம் ஏறினால் மறுபடி ஒரு மிதி. விட்டு விட்டு மிதிப்பதில் சூடு ஆற இடம் இருக்கிறது. தொடர்ந்து அழுத்துவதில் இல்லை.

வீட்டின் பிரேக் அளவு குறைவாக இருந்தால், இங்கேதான் குட்டு உடைபடும். வீட்டின் பாரத்தையும் காரின் பிரேக்கே சுமந்து, காரின் பிரேக்கும் போய்விடும்.

அந்த இறக்கத்தில் சாலையை விட்டு விலகி, மேட்டின் மேல் ஏறும் கிளைப்பாதைகள் உண்டு. அங்கே தார் கிடையாது. ஆழமாகக் கூழாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். பிரேக் போன லாரி அதில் நுழைந்தால், சக்கரங்கள் கல்லில் புதைந்து நின்றுவிடும். லாரிக்கென்று ஏற்பட்டது அது. பிரேக் போன நேரத்தில் சக்கர வீட்டுக்காரரும் வெட்கப்படாமல் அதில் நுழைந்துவிட வேண்டும். வண்டிக்குச் சேதம் வரலாம். பிள்ளைகள் பிழைப்பார்கள்.

வேகத்துக்கும் சட்டம் இருக்கிறது. கலிபோர்னியாவில் இழுவண்டி பூட்டிய கார் 55 மைலுக்கு மேல் போகக் கூடாது. இங்கிலாந்தில் ஒற்றைச் சாலையில் 50 மைல், பெருஞ்சாலையில் 60 மைல். மூன்று தடங்கள் உள்ள பெருஞ்சாலையில், முந்திப் போகும் கடைசித் தடத்துக்குச் சக்கர வீடு போகவே கூடாது. சக்கர வீடு சாலையில் ஓடும்போது உள்ளே யாரும் உட்கார்ந்திருக்கவும் கூடாது. பிள்ளைகள் கட்டிலில் படுத்துக்கொண்டு வருகிறோம் என்று அடம் பிடிப்பார்கள். பிடிக்கட்டும்.

முன்னே போகும் வண்டிக்கும் நமக்கும் உள்ள தூரமும் அதிகம் வேண்டும். சாலையோரம் ஒரு கம்பத்தை முன் வண்டி தாண்டியதும் எண்ண ஆரம்பித்தால், நாம் அந்தக் கம்பத்தை அடைய நான்கு, ஐந்து விநாடியாவது ஆக வேண்டும். இடையில் வேறொரு கார் புகுந்துகொள்ளும். கோபப்பட்டுப் பயனில்லை. மறுபடி பின்தங்கி, மறுபடி எண்ண வேண்டியதுதான்.

தங்குமிடம்

மாலையில் தங்குமிடம் வந்தாயிற்று. இனிதான் வேடிக்கை. வீட்டைப் பின்னோக்கி ஓட்டி மரத்தடியில் நிறுத்த வேண்டும்! ஸ்டீரிங்கை வலப்பக்கம் திருப்பினால், வீடு இடப்பக்கம் போகும். புதிதாக ஓட்டுகிறவர் திணறிப்போவார். அம்மா பின்னால் நின்று, "இந்தப் பக்கம்! இல்லை, அந்தப் பக்கம்!" என்று கையை ஆட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். அமெரிக்கத் தங்குமிடங்களில் இது மாலை நேரத்து நாடகம்.

இதற்கும் ஒரு சூத்திரம் உண்டு. ஸ்டீரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீடு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். அம்மா நிற்கிற இடம் கண்ணாடியில் தெரிய வேண்டும். அம்மாவின் உருவம் கண்ணாடியில் மறைந்தால், அப்பா அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

வீடு நின்றதும் குழந்தைகள் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடுவார்கள். அப்பா அவிழ்க்கப் போவார். அவிழ்க்குமுன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கார் பூட்டியிருக்கும்வரைதான் வீடு காரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கிண்ணத்தைக் குண்டிலிருந்து எடுத்தவுடன் அதைப் பிடித்திருப்பவர் யாரும் இல்லை. அமெரிக்கச் சக்கர வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கைப்பிரேக்கும் கிடையாது. தரை கண்ணுக்குச் சமமாகத் தெரியும். 6,000 பவுண்டு வீட்டுக்குச் சரிவு தெரிந்துவிடும்.

ஆகவே, முதலில் முட்டுக்கட்டை. தேர்ச் சக்கரத்துக்குப் போடுவதுபோல, இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும், முன்னும் பின்னும், கட்டையை நன்றாக உள்ளே தள்ளி வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சங்கிலியையும், கம்பியையும், மின்சார இணைப்பையும் கழற்ற வேண்டும். ஜாக்கியைச் சுற்றி மூக்கை உயர்த்த வேண்டும். அப்பா காரில் ஏறி, ஒரு முழம் முன்னால் நகர்த்தி நிறுத்திவிட்டு, இறங்கித் திரும்பிப் பார்க்கிறார்.

வீடு அசையவில்லை. உள்ளே அம்மா அடுப்பைப் பற்றவைக்கிறார்.